சொல்லிவிட்டுத் தொடுகிறேன்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் பாலைப் பூனை குடித்துவிட்டது. அடுக்களைப் பின்கதவைத் திறந்து போட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் நான் வாயைத் திறக்க வேண்டும். கடுங்காப்பியைக் குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். அவரும் கடுங்காப்பிதான் குடித்திருப்பார். நன்றாகக் குடிக்கட்டும்.

ஐசியூவில் நாலாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருக்கிறது. பெயர் மாசானமுத்து, முப்பத்தெட்டு வயது, மினிபஸ் கண்டக்டர். நேற்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது ஆடு குறுக்கே வந்திருக்கிறது. ஹெல்மெட் பைக் டேங்க் மேல் இருந்ததாம். இந்தக் கதையை எத்தனை தடவைதான் கேட்பது! தலைக்குள் ரத்தம் கட்டி, மூளை வீங்கி, வென்டிலேட்டரில் கிடக்கிறான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மற்றபடி மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் மாதிரி இருக்கிறான்.

வழக்கம்போல ஆரம்பித்தேன். "தம்பி, மாசானமுத்து, நான் தெபோராள் சிஸ்டர். பகல்ல நான்தான் உன்னைப் பாக்கப் போறேன். இப்ப தொண்டையில சளி எடுக்கேன், இருமல் வரும், பொறுத்துக்கோ." இருமல் லேசாக வந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி, அதற்கப்புறம்தான் கை வைப்பேன். நினைவு இருக்கிறவனுக்கும் அப்படித்தான், இல்லாதவனுக்கும் அப்படித்தான். படிக்கிற காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், போகவே இல்லை. நமக்கே யாராவது சொல்லாமல் மேலே கை வைத்தால் கோபம் வராதா?

சாயங்காலம் மகள் ஷைனி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அப்பா கரண்ட் பில் கட்டிட்டாங்களாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க." பக்கத்து அறையில் இருக்கிற மனுஷன் கோயம்புத்தூர் வழியாக எனக்குச் செய்தி அனுப்புகிறார். "சரி, மாவு தீர்ந்துட்டுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு" என்றேன். "நான் என்ன போஸ்ட் ஆபீஸாம்மா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

நாலாம் கட்டிலின் பெண்டாட்டி பெயர் வடிவு. பீடி சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கிறது. ஒரே ஒரு பெண் குழந்தை, நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பார்வை நேரத்தில் உள்ளே விட்டேன். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றாள். தொட்டால் ஏதாவது வயர் கழன்றுவிடும் என்று பயம்.

நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். "தம்பி, கண்ணுக்கு மருந்து விடுதேன். பிசுபிசுன்னு இருக்கும்." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அவுகளுக்குக் கேக்குமா?"

"கேக்கும்னு நெனச்சுத்தான் பேசுதேன்" என்றேன்.

அதற்கப்புறம்தான் பக்கத்தில் வந்தாள். காதுக்கருகே குனிந்து, "ஏங்க, வாசக் கதவப் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். "படுத்த பெறகும் தெனமும் கேப்பாவ சிஸ்டர், வாசக் கதவு பூட்டியாச்சாட்டின்னு. பூட்டியாச்சுன்னு நான் சொன்னாத்தான் கண்ணு அடையும். சில நாள் எரிஞ்சு விழுவேன். நீங்க எந்திரிச்சுப் பாத்தா என்ன, கால் தேஞ்சா போகும்னு."

அவள் போன பிறகு படுக்கை விரிப்பை மாற்றினேன். அந்தப் பூனைக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

மார்ச் 5, புதன்

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் விரிந்தபடியே நின்றன. சளி எடுக்கும்போது இருமலும் இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சிறுநீர் கொட்டுகிறது. பை நிரம்ப நிரம்ப மாற்றிக்கொண்டே இருந்தேன். இதெல்லாம் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "தம்பி, பையை மாத்துதேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் சங்கரலிங்கம் வந்து பார்த்துவிட்டு, "மூளைச்சாவு டெஸ்ட் ஆரம்பிச்சிருவோம் சிஸ்டர்" என்றார். முதல் பரிசோதனை சாயங்காலமே நடந்தது.

இன்றோடு லெந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு வீட்டுக்காரர் தனியாகப் போனார். என் சேலையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்தார். நான் போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் பரிசோதனை. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாயில் ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறானா என்று பார்ப்பார்கள். டாக்டர்கள் மானிட்டரைப் பார்த்தார்கள். நான் அவன் நெஞ்சைப் பார்த்தேன். இழுத்துருல, ஒண்ணே ஒண்ணு இழுத்துரு, பொண்டாட்டி வெளிய நிக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். நெஞ்சு அசையவே இல்லை. மூளைச்சாவு என்று முடிவாகிவிட்டது.

வடிவையும் மாசானமுத்துவின் அண்ணன் கொம்பையாவையும் உட்காரவைத்து டாக்டர் சொன்னார். "இது கோமா இல்லம்மா. கோமான்னா திரும்பி வர வழி இருக்கும். இவர் இறந்துட்டார். மெஷின் காத்தை அடிக்கிறதால நெஞ்சு அசையுது, அதனால இதயம் இன்னும் ஓடுது." வடிவு முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ரெஹானா வந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை. உறுப்பு தானத்துக்கு ஒருங்கிணைப்பாளர். இவளைப் பற்றி வார்டில் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள், கழுகு என்றுகூட ஒருத்தி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அழுது ஓயட்டும் என்று காத்திருந்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாள். "குடுக்கணும்னு கட்டாயம் இல்லக்கா. குடுத்தா சிலபேர் பொழைப்பாங்க. வேண்டாம்னாலும் உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

கொம்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எவனாவது நல்லா இருந்தாச் சரிம்மா" என்றார். வடிவு, "ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று உள்ளே வந்தாள்.

அங்கேதான் வினை.

நான் அவனைத் திருப்பிப் போட நின்றுகொண்டிருந்தேன். முதுகில் புண் வந்துவிடக் கூடாது. "தம்பி, மாசானமுத்து, இடது பக்கமாத் திருப்புதேன். காலைத் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளங்காலில் கை கொடுத்தேன். கால் விரல்கள் மெள்ள மடங்கி விரிந்தன.

வடிவு பார்த்துவிட்டாள்.

"அத்தான்! அத்தான், ஓடியாங்க! காலு ஆடுது! சிஸ்டர் சொன்ன ஒடனே காலு ஆடுது!"

கொம்பையா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். டாக்டர் வந்தார். தண்டுவடத்திலிருந்து வருகிற வெறும் துடிப்பு, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்கிறார்கள்?

"செத்தவன்கிட்ட எவளாவது பேசுவாளா?" என்று கொம்பையா என்னைக் கைகாட்டினார். "வந்த நாள்லேருந்து நானும் கண்ணாடி வழியாப் பாக்கேன், இந்த நர்ஸம்மா பேர் சொல்லிப் பேசிக்கிட்டேதான் இருக்காவ. அவுகளுக்குத் தெரியும் உசுரு இருக்குன்னு! ஆள அறுத்து ஈரல எடுக்கணும்னு நீங்கதான் அவசரப்படுதிய!"

வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான சிஸ்டர் சொன்னிய, கேக்கும்னு?"

கையை விடுவித்துக்கொண்டு மருந்துத் தட்டை எடுத்தேன். அவள் அப்படிக் கேட்டபோது ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உயிர் இருக்குமோ என்று நினைத்தேன். இத்தனை வருஷம் இந்த வார்டில் இருந்தவளுக்கு அந்த நினைப்பு வந்ததே வெட்கம்.

நாளைக்கு ஆம்புலன்ஸ் வைத்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே அந்தக் கட்டில் பக்கத்துல நீங்க வாயைத் திறக்கக் கூடாது சிஸ்டர். நாங்க இறந்துட்டார்னு சொல்றோம், நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. அவங்க யாரை நம்புவாங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் கழுவினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸ் முடிந்து ஒருநாள் அவர் சொன்னதை நான் இதுவரைக்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். "உனக்கு வாயில்லாதவன்தாம்ட்டி லாயக்கு. அவன்தான் திருப்பிப் பேச மாட்டான்." அன்றைக்கு அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தொடர்ந்து நைட் டியூட்டி, அசதி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் போய் இப்படி ஒரு சொல்லா? அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன், என்ன சொல்ல வந்தார் என்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நீளமாக எழுத வேண்டிய நாள். கை வலிக்கிறது, பரவாயில்லை.

காலையில் வாயை மூடிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பேசாமல் செய்தால் வேலை சீக்கிரம் முடிகிறது, அது உண்மை. கண்ணைத் துடைத்தேன், மருந்தை விட்டேன், திருப்பினேன். சளி எடுக்கிற குழாயை வாயில் விட்டு எடுத்தபோது கீழ் உதட்டில் ரத்தம் கசிந்தது. என் கை பட்டுத்தான். எத்தனையோ வருஷத்தில் ஒருத்தர் உதட்டையும் நான் இப்படிக் கிழித்ததில்லை. மூட்டை தூக்குகிறவன் மூட்டையைப் புரட்டுவதைப்போலப் புரட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மருந்தைக் கூட்டினோம். உடம்பு குளிர்ந்துகொண்டே போகிறது, கம்பளி போட்டோம். அவர்கள் சரி என்றாலும் இல்லை என்றாலும் முடிவு தெரியும்வரை இந்த உடம்பைத் தாங்கிப் பிடிப்பது எங்கள் வேலை. மதுரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே இதயம் நின்றுவிடும். அப்புறம் அவர்கள் காலத்துக்கும் சொல்வார்கள், உயிரோடு இருந்தான், வண்டியில்தான் செத்தான் என்று. குழந்தையும் அதைக் கேட்டுத்தான் வளரும்.

வடிவு வந்து நின்றாள். நான் பேசாமல் கம்பளியைச் சரிசெய்தேன்.

"ஏன் சிஸ்டர் இன்னைக்குப் பேசல?"

நான் கம்பளி நுனியை மெத்தைக்கடியில் செருகினேன்.

"பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாவளா?"

"ஆமா."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. "அப்ப நெசம்தான். உசுரு இருக்கு. நீங்க பேசினா அவுக அசைஞ்சு காட்டிக் குடுத்துருவாவன்னுதான உங்க வாயக் கட்டிட்டாவ?"

ஆண்டவரே! பேசினாலும் உயிர் இருக்கிறது, பேசாவிட்டாலும் உயிர் இருக்கிறது. இனி நான் எதைச் செய்தாலும் அவளுக்குச் சாட்சிதான். டாக்டர் சொன்னதைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டேன்.

"வடிவு, இங்க வா. இந்த உதட்டைப் பாரு."

"ரத்தம் வருது."

"நான்தான் கிழிச்சேன். இன்னைக்குப் பேசாமச் செஞ்சேன்லா, கை முரடாயிட்டு. செவ்வாக்கெழமை நீ கேட்டப்ப, கேக்கும்னு நெனச்சுப் பேசுதேன்னு சொன்னேன். அன்னைக்கு அது நெசம்தான். புதன்கெழமையிலேருந்து அவனுக்குக் கேக்கல. அதுக்கப்புறம் நான் பேசினது அவனுக்கு இல்லம்மா, எனக்கு. பேர் சொல்லிட்டுத் தொட்டா, தொடுறது மனுஷன்னு என் கைக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குத்தான். உன் புருஷன் நேத்தே போயிட்டான்."

அவள் என் தோளில் அடித்தாள். ஓங்கித்தான் அடித்தாள். "இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா! ஒரு ராத்திரி முழுக்க நான் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேனே! இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா!"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "சிஸ்டர், நான் கையெழுத்துப் போட்டா என் தாலிய நானே அறுத்த கணக்குலா? நாளைக்கு வீட்டுல ஒரு சண்டை வந்தா, மூச்சு இருந்தவன அறுக்கக் குடுத்தவன்னு சொல்லுவாவ. அத்தான் சொல்லாட்டாலும் மதினி சொல்லுவா. எம்பிள்ளையே ஒருநாள் கேக்கும்."

"நீ கையெழுத்துப் போடலன்னா யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது. போட்டாலும் போடலன்னாலும் நான் இவனை இதே மாதிரித்தான் பாப்பேன். அது உன் இஷ்டம், அதுல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அவன் போனது உன் கையெழுத்தால இல்ல. அது முன்னாலயே நடந்து முடிஞ்சுட்டு. அதை மட்டும் நீ தலையில தூக்கி வச்சுக்காத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் சொன்னத அத்தானுக்கும் சொல்லுங்க" என்றாள்.

கொம்பையா ஆம்புலன்ஸ்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறைத்தார். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. உங்க தம்பிய நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். ரெஹானா பின்னாலேயே வந்து, "பாத்து சிஸ்டர்" என்று முணுமுணுத்தாள். டாக்டரும் தூரத்திலிருந்து பார்த்தார், தடுக்கவில்லை.

கொம்பையா தம்பியின் காதில் வாய் வைத்துக் கத்தினார். "ஏல மாசானம்! அண்ணன் வந்திருக்கேம்ல! காலை ஆட்டுல! நேத்து நர்ஸம்மாவுக்கு ஆட்டினேல்லா, எனக்கு ஆட்டுல!" ஐசியூ முழுக்கக் கேட்டது. காலில் ஒன்றுமில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். ஒன்றுமில்லை.

நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு, பேனா மூடியால் அவன் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தேன். விரல்கள் மடங்கி விரிந்தன. நேற்றைப் போலவேதான்.

"நான் பேசல அண்ணாச்சி. பேர் சொல்லல. ஆனாலும் ஆடுதுல்லா? நேத்து ஆடினதும் இதான். என் கை பட்டு ஆடிச்சு, என் சத்தத்துக்கு இல்ல. இது முதுகுத்தண்டோட நின்னுருது. தலைக்குப் போகல."

அவர் பேனா மூடியை என் கையிலிருந்து வாங்கினார். அவரே இழுத்துப் பார்த்தார். மடங்கி விரிந்தது. மறுபடியும் இழுத்தார். பிறகு அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இவனுக்கு உள்ளங்கால் தொட்டா ஆகாது நர்ஸம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "சின்னதுல கூச்சங்காட்டினா ஊரக் கூட்டிருவான். உருண்டு உருண்டு சிரிப்பான். விட்டுருண்ணே விட்டுருண்ணேன்னு கத்துவான். உசுரு இருந்தா இந்நேரம் என்னை மிதிச்சிருப்பான்லா." அந்தக் காலில் முகத்தை வைத்து அழுதார். பெரிய மீசைக்காரர், குழந்தையைப்போல அழுதார். எனக்கும் தாங்கவில்லை. திரும்பி நின்று மானிட்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தானம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெஹானாவும் கேட்கவில்லை.

டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். நான் சம்மதம் வாங்குவதற்காக இதைச் செய்தேனா? இல்லை. என்னால் வந்த ஒரு பொய் நம்பிக்கையைத் திருப்பி எடுத்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் ஒருத்தி கையிலிருந்து அதைப் பிடுங்குவது லேசாக இல்லை.

மார்ச் 8, சனி

காலையில் வடிவு தலை சீவி, பூ வைத்து, பொட்டு வைத்து வந்தாள். ரெஹானா அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். வடிவுதான் என்னையும் இருக்கச் சொன்னாள்.

"குடுக்கேன்" என்றாள் வடிவு. "பஸ்ஸுல ஒரு கெழவி நின்னா எவனையாவது எழுப்பி விட்டு எடம் போட்டுக் குடுப்பாவ. அவுக குணம் அது. நானா யோசிச்சுத்தான் சொல்லுதேன். யாரும் என்னச் சொல்லச் சொல்லல."

கொம்பையா ஒரே ராத்திரியில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார். "எல்லாத்தையும் குடுத்துருவோம்மா. கண்ணையும் எடுத்துக்கிடட்டும். அரசு மரியாதை உண்டாமே, கலெக்டர் மாலை போடுவாவளாமே" என்றார்.

"கண்ணு வேண்டாம் அத்தான்."

"ஏம்மா, அது ரெண்டு பேருக்கு..."

"கண்ணு வேண்டாம்."

ரெஹானா என்னைப் பார்த்தாள். கொம்பையாவும் என்னைப் பார்த்தார். நர்ஸம்மா சொன்னால் கேட்பாள் என்று அவருக்கு நினைப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலையை ஆட்டியிருப்பாள், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். ரெஹானா, "கண்ணு வேண்டாம்னா வேண்டாம்க்கா. அதோட முடிஞ்சுது" என்றாள். நல்ல பிள்ளை.

வடிவு கையெழுத்துப் போடும் முன் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஆபரேசன் தியேட்டர் உள்ள நீங்க போவணும். கடைசி வரைக்கும் பேசணும். அவுகளுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லிட்டிய, நான் கேட்டுக்கிட்டேன். இருந்தாலும் சொல்லாம அவுகளை யாரும் தொடக் கூடாது."

சிஸ்டர் போய் அக்கா ஆகிவிட்டேன். "போறேன்" என்றேன்.

"மெசினை நிப்பாட்டும்போது ஒண்ணு சொல்லணும்." என்ன சொல்ல வேண்டும் என்று காதில் சொன்னாள்.

போலீஸ் விசாரணை, எந்த உறுப்பு எந்த ஊருக்கு என்று தீர்மானம், எல்லாவற்றுக்கும் ராத்திரி ஆகுமாம். நாளைக் காலை தியேட்டர். அதுவரை ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க வேண்டும். நைட் டியூட்டிக்காரியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சொல்லிவிட்டுத் தொடு என்று.

வீட்டில் மாவு அரைத்து வைத்திருக்கிறது. யார் அரைத்தது என்று தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மாசானமுத்துவை மேல் துடைத்து, தலை சீவிவிட்டேன். "தம்பி, தியேட்டருக்குப் போறோம். லிப்டுல ஒரு குலுங்கு குலுங்கும்." வாசலில் வடிவு அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். கொம்பையா உள்ளங்காலைத் தொடாமல் முழங்காலைத் தொட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

தியேட்டரில் ஏகப்பட்ட பேர். வெளியூர் டாக்டர்கள், ஐஸ் பெட்டிகள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. தலைமாட்டில் மயக்க டாக்டர் பக்கத்தில் நின்றேன். "தம்பி, மேசைக்கு மாத்துறோம். தம்பி, மருந்து தடவுறாங்க. ஆரம்பிக்கப் போறாங்க தம்பி." வெளியூர் டாக்டர் ஒருத்தர் நிமிர்ந்து, "யாரது பேசுறது?" என்றார். "குடும்பத்துக்குச் சொன்ன வாக்கு சார், அவங்க பேசட்டும்" என்று மயக்க டாக்டர் சொன்னார். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதற்காக அந்த டாக்டரே ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார்.

எல்லாம் தயாரானதும் ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். மயக்க டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வென்டிலேட்டரை நிறுத்தினார். நான் குனிந்து சொன்னேன்.

"மாசானமுத்து, வாசக் கதவு பூட்டியாச்சு. வடிவு சொல்லச் சொன்னா. தூங்குங்க."

அதுவரை வா போ என்றுதான் பேசினேன். கடைசியில் எப்படி 'ங்க' வந்தது என்று தெரியவில்லை. அது அவளுடைய பேச்சு, அதனால்தான் இருக்கும்.

தைத்து முடித்து, துடைத்து, புது வேட்டி கட்டி அனுப்பும்வரை நின்றேன். வெளியே வடிவு எழுந்து வந்தாள். தலையில் பூ அப்படியே இருந்தது.

"சொன்னியளாக்கா?"

"சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாவ?" என்றாள். கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "எப்பவும் 'ம்'ம்பாவ" என்றாள். "ம்னுட்டுத் திரும்பிப் படுப்பாவ." அப்போதுதான் அவள் அழுதாள். வந்த நாளிலிருந்து அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மேசையில் சோறு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டேன். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நானும் இந்தப் பக்கம் படுத்தேன். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை பேச இவ்வளவு யோசனை. காலையில் அத்தனை டாக்டர் நடுவில் நிமிஷத்துக்கு ஒருதரம் பேசினவள் நான்.

"ஏங்க" என்றேன். "அடுக்களைக் கதவு சாத்தியாச்சா?"

"ம்?" என்று ஒரு சத்தம் வந்தது.

"அடுக்களைக் கதவு. சாத்தியாச்சா?"

கட்டில் கிறீச்சிட்டது. "சாத்தலட்டி" என்றார். "இரு, எந்திரிக்காத, நான் போறேன்."

போனவர் பூனையைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.